வெண்கடல் ஊரிலிருந்து வந்த படங்கள்

ரங்கூனில் ருஷ்ய மொழி பேசிப் பிழைக்கிறவர்களில் நானும் ஒருத்தி. ஆசைப்பட்டுப் படித்ததில்லை. ஆங்கிலம் எடுக்க மார்க் போதவில்லை, ஜப்பான் மொழி எடுக்கவும் போதவில்லை, கடைசியில் யாரும் சீண்டாமல் கிடந்தது ருஷ்யன்தான். அதைத்தான் என் தலையில் கட்டினார்கள். எங்கள் தெருவில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அப்புறம் பட்டாளம் ஆட்சியைப் பிடித்து, நாட்டு நிலைமை கெட்டு மற்ற வெள்ளைக்காரர்கள் வருவது நின்றது, ருஷ்யர்கள் மட்டும் விமானம் விமானமாக வந்து இறங்கினார்கள். சிரித்தவர்கள் எல்லாம் வாயை மூடிக்கொண்டு, தங்கள் பிள்ளைக்கும் நாலு வார்த்தை சொல்லித்தர முடியுமா என்று என்னிடமே வந்து நின்றார்கள்.

இந்தத் தொழிலில் இரண்டு விதி உண்டு. முதல் விதியைப் பல்கலைக்கழகத்தில் சொல்லித்தருவார்கள். பேசுகிறவர் "நான்" என்றால் மொழிபெயர்க்கிறவளும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் சொல்கிறார், அவருக்குப் பசிக்கிறதாம்" என்றெல்லாம் இழுக்கக்கூடாது. "எனக்குப் பசிக்கிறது", அவ்வளவுதான். இரண்டாவது விதியை யாரும் சொல்லித்தர மாட்டார்கள். அது, எதை விடுவது என்கிற விதி. சூலே பகோடா பக்கம் பட்டாளம் அடுக்கிய மணல் மூட்டைகளைப் பார்த்து ஒரு பயணி, இதெல்லாம் எதற்கு என்று கேட்பான். மழைக்காலத்தில் இங்கே தண்ணீர் ஏறும் என்பேன். குடித்துவிட்டு இன்னொருத்தன் டிரைவரின் அம்மாவை இழுத்துத் திட்டுவான். கொஞ்சம் சீக்கிரம் போகலாமா என்று கேட்கிறார் என்பேன். டிரைவர் என்னைப் பார்த்து ஒரு மாதிரியாகச் சிரித்துவிட்டு வண்டியை எடுப்பான். இது பயந்தாங்கொள்ளித்தனம் என்று யாராவது சொன்னால், என் செருப்பைக் கழற்றித் தருகிறேன், ஒருநாள் மாட்டிக்கொண்டு இந்த ஊரில் நடந்து பார்க்கட்டும்.

வீட்டில் நாங்கள் மூன்று பேர். அம்மா, நான், என்னைவிட ரொம்பச் சின்னவனான தம்பி. அப்பா முனிசிபாலிட்டியில் தண்ணீர்க் குழாய்ப் பிரிவில் இருந்தார், தவறிப் போய்ப் பல வருஷம் ஆகிறது. நகர நடுவில் பபேடான் பேட்டையில் நாலாவது மாடியில் ஒற்றை அறையும் ஒரு சமையல்கட்டும். அம்மா கடைக்காரர்களுக்கு மத்தியானச் சாப்பாடு கட்டிக்கொடுக்கிறாள். கீழே ஆள் வந்து பால்கனிக் கயிற்றை ஆட்டினால் மணி அடிக்கும், அம்மா கயிற்றில் பையை மாட்டி இறக்குவாள். தம்பி செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்த்தான். அம்மா தமிழில் கேட்பாள், அவன் பர்மிய மொழியில் பதில் சொல்வான், இருவருக்கும் அதில் ஒரு குறையும் தெரியாது. இடது புருவத்தில் அவனுக்கு ஒரு தழும்பு. சின்ன வயதில் எங்கள் மாடிப்படியில் உருண்டு விழுந்து வாங்கியது. அந்தப் படியில் இன்றைக்கும் பகலிலேயே கை பிடித்துத்தான் இறங்க வேண்டும்.

பட்டாளத்துக்குச் சீட்டுக் குலுக்கி ஆள் எடுக்கிற சட்டம் வந்தபோது தம்பிக்கு இருபத்து மூன்று வயது. எடுக்கிற வயதுக்கு நட்ட நடுவில் இருந்தான். அடுத்த குலுக்கலில் உங்கள் பையன் பெயரும் உண்டு என்று வார்டு ஆபீசுக்குப் போய்வருகிற ஒருத்தர் அம்மாவின் காதில் போட்டார். அம்மா அன்றைக்கு உலையில் உப்பை இரண்டு தடவை போட்டாள், கடைக்காரர்கள் எல்லோரும் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பினார்கள். தம்பியை ஆற்றுக்கு அக்கரையில் தன்லியினில் இருக்கிற மாமா வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். அங்கே அவன் கதவைத் தாண்டாமல் கிடந்தான். பஸ்ஸில் போனாலும் பிடிக்கிறார்கள், நடந்து போனாலும் பிடிக்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. எனக்கு வந்த ஆத்திரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் வீட்டுப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

அந்தச் சமயத்தில்தான் என் டிராவல்ஸ் முதலாளி கூப்பிட்டார். ருஷ்யாவின் வடகோடியிலிருந்து, ஆர்க்காங்கெல்ஸ்க் என்கிற பிராந்தியத்திலிருந்து ஒரு குழு வருகிறது, தங்கள் ஊரின் சரித்திரத்தையும் கல்விக்கூடங்களையும் பற்றிப் படக் கண்காட்சி வைக்கிறார்கள், எங்கள் பக்கத்துப் பேட்டை கியாக்டடாவில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில். படமும் விளக்கமும் ஒட்டிய பலகைகளை எல்லாம் பர்மிய மொழியில் ஆக்க வேண்டும், திறப்பு விழாவில் நின்று மொழிபெயர்க்க வேண்டும். குழுத் தலைவர் அங்கே மர வேலையும் காட்டு நிர்வாகமும் சொல்லித்தருகிற ஒரு கல்லூரியில் பெரிய ஆள். இங்கிருந்து சில பையன்களைப் படிக்க எடுத்துக்கொள்ளப் போகிறார். அப்படி எடுக்கப்படுகிறவர்களுக்கு நாட்டை விட்டுப் போக அனுமதி தடையில்லாமல் கிடைக்கும். முதலாளி பேசி முடிக்கும் முன்பே சொல்லிவிட்டேன், எனக்குக் கூலி வேண்டாம், ஓர் இடம் வேண்டும்.

பலகைகளோடு கூட வந்தவள் அந்த ஊர் மியூசியத்தில் வேலை பார்க்கிற ஓர் அம்மாள். அறுபத்தைந்து வயதிருக்கும். குட்டை முடி, கால் வீக்கம், வாய் ஓயாத பேச்சு. எங்கள் வெயிலில் முகம் செக்கச்செவேல் என்று ஆகிவிடும், அதோடு நாற்காலி மேல் ஏறி நின்று ஆணி அடிப்பாள். அவளோடு ஒரு வாரம் உட்கார்ந்து பலகைகளைப் பர்மிய மொழியில் ஆக்கினேன். அதில்தான் அந்தச் சீமையைப் பற்றித் தெரிந்துகொண்டேன். த்வினா என்கிற பெரிய ஆறு வெண்கடலில் கலக்கிற இடத்தில் துறைமுகம். ஒரு காலத்தில் ருஷ்யாவுக்குக் கடல் வழி என்றால் அதுதானாம், ஆங்கிலேயக் கப்பல்கள் தோலும் தாரும் ஏற்ற வந்தனவாம். அப்புறம் ஜார் வேறொரு பக்கம் புதுத் தலைநகரம் கட்டி வியாபாரத்தை அங்கே இழுத்துக்கொண்டார். ஆற்றோரம் மர அறுப்பு ஆலைகள், மாலுமிகள் பள்ளிக்கூடம், ஆணியே இல்லாமல் கட்டிய மரக் கோயில்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அந்தத் துறைமுகத்துக்கு நேச நாட்டுக் கப்பல்கள் சாமான் கொண்டுவந்தபோதும் ஊருக்குள் பட்டினி. கடல்நாய்க் கறியும் கடல்பாசியும் தின்று உயிர் பிழைத்திருக்கிறார்கள்.

வெண்கடல் தீவில் உள்ள ஒரு மடத்துக்கு மட்டும் நாலைந்து பலகைகள். கருங்கல் மதில், துறவிகள் வெட்டிய வாய்க்கால், அவ்வளவு வடக்கே அவர்கள் போட்ட காய்கறித் தோட்டம். ஒரு பலகையில் துறவிகள் போய்விடுகிறார்கள். அடுத்த பலகையில் யுத்தம் வந்து, சின்னப் பையன்களைக் கப்பல்படைக்குப் பழக்குகிற பள்ளிக்கூடம் வருகிறது. நடுவில் இருபது வருஷத்தைக் காணோம்.

"நடுவிலே என்ன இருந்தது?" என்று கேட்டேன்.

அவள் ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். "அதற்கும் பலகை இருக்கிறது. இந்தப் பயணத்துக்கு வேண்டாம் என்று முடிவாகிவிட்டது" என்றாள். நான் மேலே கேட்கவில்லை. எங்கள் ஊர்க்காரிக்கு அந்தப் பதிலே போதும்.

ஒருநாள் மத்தியானம் அவளை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். தம்பியைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்க வேண்டும் என்று கல்லூரிக்காரர் சொல்லியிருந்ததால், அவனையும் அன்றைக்குத் தன்லியினிலிருந்து மாமா தன் சாமான் வண்டியில் உட்காரவைத்துக் கூட்டிவந்திருந்தார். அந்த அம்மாள் நாலு மாடியும் மூச்சு வாங்க ஏறி வந்தாள். அம்மா வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டு, கண்ணில் தண்ணீர் கொட்டக் கொட்ட இன்னும் ஊற்றச் சொன்னாள். அம்மாவுக்கு அதிலேயே அவளைப் பிடித்துப் போனது. தம்பியின் புருவத் தழும்பைத் தொட்டு, இது என்ன என்று கேட்டாள். அம்மா எழுந்து போய்ப் படியையே காட்டினாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு மொழியில் பேசி, ஆளுக்கொரு பக்கம் தலையாட்டிச் சிரித்தார்கள்.

"அங்கே குளிரைப் பிள்ளை தாங்குமான்னு கேளு" என்றாள் அம்மா.

கேட்டேன். அந்த அம்மாள் சிரிப்பை நிறுத்தினாள். "குளிரால் அங்கே யாரும் சாவதில்லை. பசியாலும், செய்யச் சொன்ன வேலையாலும், பேசாமல் இருந்தவர்களாலும்தான் செத்தார்கள். இப்போது அப்படி இல்லை. இப்போதைக்கு இல்லை. நான் இருக்கிறேன், பார்த்துக்கொள்கிறேன்" என்றாள்.

"தாங்குமாம். பார்த்துக்கிறேன்னு சொல்றாங்க" என்றேன்.

"அவ்வளவுதானா சொன்னாங்க?" அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"அவ்வளவுதான்."

தம்பி வாயில் சோற்றோடு என்னைப் பார்த்து, "அக்கா, நீ சரியான ஆள்" என்று பர்மிய மொழியில் சொன்னான். அவனுக்கு ருஷ்யன் ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் என்னைத் தெரியும்.

திறப்பு விழா அன்றைக்குக் கரண்ட் இல்லை, ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் அதிகாரிகள். அதில் ஒருவர் பட்டாளத்து உடுப்பில், காலை நீட்டிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கல்லூரிக்காரர் துறைமுகம், நட்பு, எதிர்காலம் என்று ரொம்ப நேரம் கழுத்தை அறுத்தார். ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன், அதில் விடுவதற்கு ஒன்றும் இல்லை. சாயங்காலம் அவர் கையெழுத்துப் போடப் போகிற தாள்களில் தம்பியுடையதும் இருந்தது. அதற்கு முன்வரிசையின் சம்மதமும் வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு மியூசியத்து அம்மாள் எழுந்தாள். கையில் ஒரு பக்கத் தாள். முதல் வரியைப் படித்தாள், தாளை மடித்தாள்.

"நான் இந்தப் பலகைகளில் இல்லாததைச் சொல்கிறேன்" என்றாள். "என் அம்மா எங்கள் பிராந்தியத்தில் பிறந்தவள் இல்லை. தெற்கே கோதுமை விளைகிற ஊரில் பிறந்தவள். அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது, குடும்பத்துக்கு மாடும் நிலமும் இருந்த குற்றத்துக்காக, எல்லோரையும் ரயிலில் ஏற்றி, அப்புறம் பெரிய தோணியில் ஏற்றி, எங்கள் காட்டுக்குள் இறக்கிவிட்டார்கள். அவளுடைய அண்ணனுக்குப் பத்தொன்பது வயது. மரம் வெட்ட அனுப்பினார்கள். முதல் குளிர்காலத்திலேயே செத்தான். தரை இறுகிக் கிடந்தது, தோண்ட முடியவில்லை. வசந்தம் வந்து மண் இளகுகிற வரைக்கும் கொட்டகைக்குப் பின்னால் மற்றவர்களோடு அடுக்கி வைத்திருந்தார்கள். என் அம்மா தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் போவாள். தீவு மடத்தில் அந்த வருஷங்களில் இருந்தது கைதிகள் முகாம். எங்கள் ஆலைகளும் சாலைகளும் இப்படிப்பட்டவர்கள் கையால் வந்தவை. நான் உங்கள் ஊருக்கு வந்ததிலிருந்து பார்க்கிறேன், தெருவில் இளைஞர்கள் குறைவாக இருக்கிறார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும்."

முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஜெனரேட்டர் சத்தம். பட்டாளத்துக்காரர் காலை மடக்கி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

நான் மைக்கைப் பிடித்தேன். "என் அம்மா சின்ன வயதிலேயே எங்கள் பிராந்தியத்துக்குக் குடிவந்தவர்" என்றேன். "எங்கள் மடத்துத் தோட்டத்தில் முட்டைக்கோசு நன்றாக விளையும். உங்கள் ரங்கூன் மிகவும் அழகான நகரம்."

எல்லோரும் கை தட்டினார்கள். அந்த அம்மாளும், கூட்டம் தட்டுகிறதே என்று திகைத்துப்போய், தானும் மெதுவாகத் தட்டினாள்.

விழா முடிந்து தேநீர் கொடுக்கிற இடத்தில் பட்டாளத்துக்காரர் என்னிடம் வந்தார். அந்த அம்மாள் என் பக்கத்திலேயே நின்றிருந்தாள். அவர் சுத்தமான ருஷ்ய மொழியில், வாத்தியாரம்மாவைக் கூப்பிடுகிற "சயாமா" என்ற பர்மியச் சொல்லை மட்டும் முன்னால் போட்டு, "சயாமா, அந்த முட்டைக்கோசு எங்கிருந்து வந்தது?" என்றார். அவர் படித்ததே ருஷ்யாவில்தானாம். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். "பயப்படாதீர்கள். நல்ல மொழிபெயர்ப்பு. இப்படித்தான் செய்ய வேண்டும்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போனார். என் வாழ்க்கையில் யாரும் என்னைப் பாராட்டி நான் அவ்வளவு கூசியதில்லை.

சாயங்காலம் தாளில் கையெழுத்து விழுந்தது. தம்பிக்கு இடம் கிடைத்தது. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் அம்மா முதலில் அழுதாள். அப்புறம் காளி கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்து, மறுபடியும் அழுதாள்.

மறுநாள் பலகைகளைக் கழற்றிக் கட்டும்போது அந்த அம்மாள் சணலை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே, "என் அம்மாவை முட்டைக்கோசு ஆக்கினாயா?" என்றாள்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். "என் தம்பி உயிரோடு இருக்க வேண்டும். உங்கள் அம்மாவுடைய அண்ணன் ஏற்கெனவே செத்துவிட்டார்" என்று பட்டென்று சொன்னேன். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொள்ளவும் இல்லை. இன்றைக்குக் கேட்டாலும் அந்த மேடையில் அதையேதான் செய்வேன்.

அவள் முடிச்சைச் சரி பார்த்தாள். "அதுவும் சரிதான்" என்றாள். "அவனுக்கு நல்ல பூட்ஸ் வாங்க வேண்டும். இங்கே வாங்காதே, அங்கே நான் வாங்கித் தருகிறேன்."

வாங்கியும் தந்தாள். சும்மா சொல்லக்கூடாது, சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற மனுஷி. தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக்குப் போய்ச் சூப் குடித்தான். வீடியோவில் பனியைக் காட்டுவான், மூன்று மணிக்கே இருட்டிவிடுகிற ஜன்னலைக் காட்டுவான், உறைந்த ஆற்றின் மேல் ஆட்கள் நடந்து அக்கரைக்குப் போவதைக் காட்டுவான். நான் எழுதிய பலகைகளின் நிஜங்களை எல்லாம் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தான். துறைமுகம், மாலுமிப் பள்ளி, மரக் கோயில். "நீ எழுதினதைவிட எல்லாம் சின்னதா இருக்கு அக்கா" என்று கேலி செய்வான். அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "காதை மூடுடா, காதை மூடு" என்பாள். எங்கள் தெருவில் அந்த மாதங்களில் பிள்ளைகள் போய்க்கொண்டே இருந்தார்கள். கீழ்வீட்டுப் பையன் வேலை முடிந்து வரும்போது பஸ் நிறுத்தத்திலேயே பட்டாளத்திடம் பிடிபட்டுப் போனான். அந்த வீட்டு அம்மாவைப் படியில் பார்த்தால் எங்கள் அம்மா தலையைக் குனிந்துகொள்வாள். நம் பிள்ளை தப்பித்தது அவளுக்குக் குற்றம் போல் இருந்தது.

இரண்டாவது வருஷம் படிப்பு அவனுக்கு எட்டவில்லை. மொழி வகுப்பை எப்படியோ தாண்டினான், கணக்கிலும் யந்திரப் பாடத்திலும் மாட்டிக்கொண்டான். பரீட்சையில் விழுந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள், பெயரை எடுத்தால் விசா போகும், விசா போனால் ரங்கூன் விமானம். விமானத்திலிருந்து இறங்கினால் எங்கே கொண்டுபோவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அந்த நேரம் பார்த்து விடுதிக்கு ருஷ்யப் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கிறவர்கள் வந்தார்களாம். வெளிநாட்டுப் பையன்களை உட்காரவைத்துப் பேசினார்களாம். ஒரு வருஷ ஒப்பந்தம், சண்டை கிடையாது, பின்னால் கிடங்கில் பெட்டி தூக்குகிற வேலை, முடிந்தால் அந்த நாட்டிலேயே இருக்கலாம்.

"போடாதே" என்றேன். "கையெழுத்து போட்டே, அங்கே வந்து உன் காலை உடைப்பேன்."

"போட்டாச்சு அக்கா" என்றான். "திரும்பி வந்தா மட்டும் என்ன? அங்கேயும் பட்டாளம், இங்கேயும் பட்டாளம். இங்கே பெட்டிதானே தூக்கறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். "அம்மாகிட்ட சொல்லாதே. வேலை கிடைச்சிருக்குன்னு சொல்லு."

வேலை கிடைத்திருக்கிறது என்று சொன்னேன். அம்மா அதற்கும் தேங்காய் உடைத்தாள். மியூசியத்து அம்மாளுக்கு நான் போன் போட்டபோது அவளுக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. ஒவ்வோர் ஆபீசாகப் போய்க் கத்திவிட்டு வந்திருந்தாள், ஒன்றும் நடக்கவில்லை. அதற்கப்புறம் தம்பியின் போன் எப்போதாவதுதான் வந்தது. அதுவும் வீடியோ இல்லாமல், குரல் மட்டும். கிடங்கைப் பற்றிக் கேட்டால் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னான்.

போன மார்கழியில் ஒரு முற்பகல். அன்றைக்குக் கரண்ட் இருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து புளிச்ச கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள், நான் பக்கத்தில் சாப்பாட்டு டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். போனில் மியூசியத்து அம்மாளின் படம் வந்தது. கை ஈரமாக இருந்ததால் வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா சந்தோஷமாக, "அந்த அக்காவா? சாப்பிட்டாங்களான்னு கேளு" என்றாள்.

அவள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "உன் அம்மா பக்கத்தில் இருக்கிறாளா?" என்று கேட்டாள்.

"இருக்கிறாள்."

"அப்படியானால் இந்தத் தடவை முட்டைக்கோசு வேண்டாம்" என்றாள். அதற்கப்புறம் நிறுத்தாமல் பேசினாள். குரல் உடையவில்லை, அழவில்லை, மேடையில் பேசினது போலவே நேராகப் பேசினாள். நான் டப்பாவைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அவளுடைய வாக்கியங்கள் ஒவ்வொன்றும் எனக்கு முழுசாகப் புரிந்தது. அந்த மொழியைப் படித்ததற்காக என்னையே சபித்துக்கொண்டேன்.

அவள் முடித்தாள். அம்மா கீரைக் காம்பைக் கையில் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"தம்பிக்கு உடம்பு சரியில்லையாம்மா" என்றேன். "ஆஸ்பத்திரியில வெச்சிருக்காங்களாம்."

அம்மா மெதுவாகச் சொன்னாள். "அவங்க அவ்வளவு நேரம் பேசினாங்க. நீ இத்துனூண்டு சொல்றே."

"அவ்வளவுதான்மா சொன்னாங்க."

"அன்னைக்கு மீன் கொழம்பு சாப்பிட்டாங்களே, அன்னைக்கும் இதேதான் செஞ்சே. நான் ஒன்னும் கேக்கல. பிள்ளை போகணும், போனாப் போதும்னு இருந்தேன்." கீரையை முறத்தில் போட்டாள். "இப்ப எனக்கு மிச்சம் வேணும். ஒன்னு விடாம வேணும்."

போனில் அந்த அம்மாள் காத்துக்கொண்டுதான் இருந்தாள். தமிழ் தெரியாவிட்டாலும் நடப்பது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் ருஷ்ய மொழியில் சொன்னேன். "முதலிலிருந்து சொல்லுங்கள். ஒரு வாக்கியம் சொல்லி நிறுத்துங்கள்."

அவள் ஒரு வாக்கியம் சொன்னாள். நான் அம்மாவைப் பார்த்து, தொழிலின் முதல் விதிப்படியே அதைச் சொன்னேன்.

"உங்க பிள்ளை செத்துட்டான். போன வாரம் எனக்குத் தகவல் வந்தது. தகவல் சொல்ல வேண்டிய ஆள்னு அவன் என் பேரைத்தான் கொடுத்திருந்தான்."

போனில் அடுத்த வாக்கியம் வந்தது.

"பெட்டியில வந்தான். பெட்டியைத் திறக்க மாட்டோம்னாங்க. திறக்காம கையெழுத்து போட மாட்டேன்னு அங்கேயே உக்காந்துட்டேன். அப்புறம் திறந்தாங்க. நான்தான் அடையாளம் காட்டினேன். இடது புருவத்துல தழும்பு இருந்தது. முகம் நல்லா இருந்தது. நெஞ்சுக்குக் கீழே நான் பார்க்கல. பார்க்க விடல."

என் குரல்தான் அது. அதில் "நான்" என்று வந்த இடமெல்லாம் நானே அங்கே நின்றது போலத்தான் இருந்தது. என் தம்பியின் புருவத்தைத் தொட்டது நான் இல்லை, அவள்தான் தொட்டாள் என்பதுகூட அப்போது எனக்குத் தெளிவாக இல்லை.

"ஊருக்கு அனுப்பச் சொல்லி எல்லா இடத்துக்கும் போனேன். முடியாதுன்னு சொல்லிட்டாங்க. எங்க அம்மாவும் அவங்க அண்ணனும் இருக்கிற இடுகாட்டுல, அவங்களுக்குப் பக்கத்திலேயே இடம் வாங்கினேன். தரை கல்லா இறுகிக் கிடந்தது. விறகு வாங்கிக் கொடுத்தேன். ராத்திரி பூரா நெருப்பு வெச்சாங்க."

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்தே விட்டாள். முகத்தில் ஏதோ வந்தது, நிம்மதி என்றுகூடச் சொல்லலாம்.

"வெச்சாங்களா? அவனுக்குத் தீ வெச்சாங்களா?"

எங்கள் வீட்டில் யாரையும் புதைத்ததில்லை. அப்பா செத்தபோது தம்பிதான் சின்னக் கையால் கொள்ளி வைத்தான். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பொய்யும் இல்லை, நெருப்பு வைத்ததென்னவோ உண்மை. அம்மா அதை வைத்துக்கொண்டு மிச்ச நாளை ஓட்டிவிடுவாள். இதைவிடப் பெரிய பெரிய விஷயங்களை எல்லாம் நான் ஒரு மூச்சில் விழுங்கியிருக்கிறேன்.

"தரைக்கு வெச்சாங்கம்மா" என்றேன். "மண்ணை இளக்கிக் குழி தோண்ட. அவனைப் புதைச்சாங்க."

அம்மா நின்றபடியே இருந்தாள். கையிலிருந்த கீரைத் தூசியைப் புடவையில் துடைத்தாள். அந்த நேரத்தில் கீழே யாரோ சாப்பாட்டுக்கு வந்து கயிற்றை ஆட்டினார்கள், பால்கனியில் மணி அடித்தது. நாங்கள் யாரும் போகவில்லை.

அம்மா மறுபடி தரையில் உட்கார்ந்தாள். போனைத் தன் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"மேலே சொல்லச் சொல்லு" என்றாள்.